வரி திருட்டென்றால் வாலட்டின் சாவி யார் கையில்?

வரி என்பது திருட்டு. ரூபாய் வெறும் கடதாசி. பிட்காயின்தான் உண்மையான சுதந்திரம். மலையகத்தில், ஹட்டன் பக்கம் கணக்கு, வரி வேலை பார்க்கிற எனக்கு இந்த மூன்று வசனமும் நன்றாகப் பழகிவிட்டன. சொல்கிறவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள். கொழும்பில் கடையில் நின்றுவிட்டுத் திரும்பியவர்கள், லயத்து அறையிலிருந்தே வெளிநாட்டுக் கம்பனிக்கு டிசைன் செய்கிறவர்கள், அம்மாவின் சேமலாப நிதிப் பணத்தை எதில் போடலாம் என்று கேட்க வருகிறவர்கள். கூட வரும் அம்மா என்னைப் பார்த்து, "சேர், இவன் சொல்றது சரியா?" என்பார்.

பாதி சரி. அந்தப் பாதியைச் சொல்லாமல், பிட்காயின் போன்ற இணையக் காசுகளைப் பற்றி "கிரிப்டோ ஆபத்து, விலகி இருங்கள்" என்று மட்டும் எழுதினால் எந்தப் பிள்ளையும் காதில் வாங்காது.

இந்தச் சிந்தனைக்காரர்களை லிபர்டேரியன்கள் என்பார்கள், தமிழில் சுதந்திரவாதிகள். உன் உடம்பும் உழைப்பும் உன்னுடையவை, பிறருக்குத் தீங்கு செய்யாதவரை உன்னை யாரும் வற்புறுத்தக் கூடாது, அரசாங்கமும்தான் என்பது அடிப்படை. அதற்குமேல் அவர்களுக்குள்ளேயே சண்டை. உழைத்த பணத்தின் மேல் போடும் வரி கட்டாய உழைப்புக்குச் சமம் என்று 1974இல் எழுதிய தத்துவவாதி ராபர்ட் நோசிக், பொலிஸும் நீதிமன்றமும் உள்ள சின்ன அரசு ஒன்று இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். அமெரிக்கப் பொருளியலாளர் மரே ரோத்பார்டுக்கு அதுவும் வேண்டாம். பொருளியலாளர் பிரீட்ரிக் ஹாயெக் 1976இல் காசு அச்சடிக்கும் ஏகபோகத்தை அரசிடமிருந்து எடுங்கள், தனியார் போட்டி போட்டு வெளியிடட்டும் என்றார். 2009 ஜனவரி 3இல் பிட்காயினின் முதல் தொகுதி, அதாவது அதன் பேரேட்டின் முதல் பக்கம், உருவானபோது, வங்கிகளுக்கு இரண்டாவது தடவை மீட்புப் பணம் கொடுக்கப்போவதைச் சொன்ன ஒரு லண்டன் பத்திரிகைத் தலைப்பைச் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயர்க்காரர் அதற்குள் பதித்துவைத்தார். மொத்தம் 2 கோடி 10 லட்சம் நாணயத்துக்கு மேல் வராது என்பதும் அதே கோபத்தில் பிறந்த விதிதான்.

அந்தக் கோபம் மலையகத்துக்குப் புதிதா என்ன? 1848இல் மாத்தளைப் பக்கம் கலகம் வெடித்ததற்கு ஒரு பெரிய காரணம் வரி. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, போதாததற்கு வருடத்தில் ஆறு நாள் றோட்டு வேலை செய் அல்லது காசு கட்டு என்ற சட்டம். சரியாக நூறு வருடம் கழித்து, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. வாக்குப் போனது, ஆனால் கடையில் வாங்கும் சாமான் விலைக்குள் ஒளிந்திருந்த வரி போகவில்லை. அரசாங்கத்தை நம்பாதே என்று யாரோ ஒரு அமெரிக்கர் இவர்களுக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை.

இதைவிடக் கிட்டிய உதாரணம் சேமலாப நிதி. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 108 ரூபாய் தொழிலாளியிடமிருந்து பிடிபடும், தோட்டம் 162 ரூபாய் போடும். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. பெண்ணுக்கு 50 வயது, ஆணுக்கு 55 வயது ஆகும்வரை பொதுவாக முழுப்பணம் கைக்கு வராது. சரி, முதுமைக்கு நல்லதுதானே என்போம். 2022இல் என்ன நடந்தது? ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்துக்குக் கிட்டப் போனது. அந்த வருடம் நிதி கொடுத்த வட்டி 9 சதவீதம். முப்பது வருடம் கொழுந்து பறித்துச் சேர்த்த பணம், யாரும் கைவைக்காமலே சுருங்கியது.

அடுத்த வருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கத்தின் கடன் பத்திரங்களை, தொடவில்லை, சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகளின் முறிகளைக் குறைந்த வட்டிக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றாவிட்டால் அந்த வருமானத்துக்கு 14 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீத வரி. வங்கிகள் விழுந்தால் எல்லாருடைய வைப்பும் போகும் என்ற நியாயத்தை நானும் படித்தேன், அதில் உண்மை உண்டு. ஆனாலும் வரியை மிரட்டலாகப் பயன்படுத்த முடியும் என்று ஒரு சுதந்திரவாதி சொன்னால், அன்று நடந்ததை வைத்து அவரை மறுக்க என்னால் முடியாது.

இனி மற்றப் பாதி. வரியைக் குறைத்தால் சுதந்திரம் கூடும் என்பதை இந்த நாடு ஒரு தடவை செய்து பார்த்தது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி, அதாவது வட், 15இலிருந்து 8 சதவீதமானது. பதிவுக்கான விற்பனை எல்லை 30 கோடி ரூபாயாக உயர்ந்தது. சம்பளத்தில் பிடிக்கும் வரி நின்றது. அரச வருமானம் 2021இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 9 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இடையில் கொரோனா வந்து உல்லாசப் பயணமும் படுத்தது. செலவோ குறையவில்லை, பள்ளத்தை மத்திய வங்கி காசு அச்சடித்து நிரப்பியது. செலவைக் குறைக்காமல் வரியை மட்டும் குறைப்பது எங்கள் கொள்கையே இல்லை என்று சுதந்திரவாதி சொல்வார், அது நியாயமான பதில். என் கவலை வேறு: அந்த வரிக்குறைப்பில் மிச்சம் பிடித்தது யார்? மாதம் லட்சங்களில் சம்பளம் வாங்கியவரும் பெரிய வியாபாரியும். கொழுந்து பறிக்கிற அக்கா வருமான வரி கட்டியதே இல்லை, அவருக்கு அதில் மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் மா விலையும் பஸ் கட்டணமும் ஏறியபோது பில் அவரிடமும் வந்தது. இன்று வட் 18 சதவீதம். 118 ரூபாய்க்கு வாங்கும் சவர்க்காரத்தில் 18 ரூபாய் அது. தனக்கு வராத வருமான வரியைத் திட்டும் தம்பி, தன் அம்மா தினமும் கட்டும் இந்த வரியைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம்.

தனியார் காசு வந்தால் எல்லாம் சரியாகும் என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. காப்பிக் காலத்தில் இந்த நாட்டுக் காப்பிக் கம்பனிகள் சில, சில்லறைத் தட்டுப்பாட்டில் தங்கள் பெயர் பொறித்த வில்லைகளைத் தொழிலாளிகளுக்குக் கூலியாகக் கொடுத்தன. வில்லைக்குள்ள மதிப்பு, அதைக் கொடுத்தவனின் வார்த்தைதான். அப்புறம் துண்டு முறை. ஆள் சேர்க்கும் கங்காணியும் அவன் ஆட்களும் பட்ட கடனை ஒரு கடதாசியில் எழுதி, அதைத் தீர்க்கும் தோட்டத் துரை அவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. மேலுக்குப் பார்த்தால் தனியாருக்கும் தனியாருக்கும் நடுவிலான ஒப்பந்தம், உள்ளே பரம்பரைக் கடன். 1921இல் சட்டம் போட்டுத்தான் ஒழித்தார்கள். வேலையை விட்டுப் போனால் சிறை என்ற சட்டத்தை வைத்துக் கம்பனிக்குக் காவல் நின்றதும் அதே அரசாங்கம்தானே என்று கேட்கலாம். ஆமாம், நின்றது. அதனால்தான் அரசா தனியாரா என்ற கேள்வியைவிட, பிடி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை நான் முதலில் கேட்கிறேன்.

டவுன் ஹோட்டல் மாடியிலும் வட்சப் குழுவிலும் சுதந்திரம் என்ற பெயரில் விற்கப்படுவதை அந்தக் கேள்வியால் உரசிப் பாருங்கள். அங்கே முதல் பத்து நிமிடம் பேசுவது சுதந்திரவாதியைப் போலவே இருக்கும். அரசாங்கம் காசு அச்சடிக்கிறது, வங்கி உங்கள் பணத்தில் வாழ்கிறது, விழித்துக்கொள்ளுங்கள். கேட்பவருக்கு 2022 ஞாபகம் வரும், தலை தானாக ஆடும். பதினோராவது நிமிடத்தில் கிரிப்டோ முதலீட்டுப் பெக்கேஜ் வரும். இவ்வளவு போட்டால் தினம் இவ்வளவு டொலர், இரண்டு பேரைச் சேர்த்தால் இன்னொரு லெவல்.

பிட்காயின்காரர்களுக்குள் ஒரு பழைய பேச்சு உண்டு: சாவி உன்னிடம் இல்லையென்றால் காசும் உன்னுடையதில்லை. கிரிப்டோ வைக்கும் மின்பணப்பைதான் வாலட். அது சொந்தமானது என்றால், சாவியாக 12 அல்லது 24 சொற்கள் உள்ள மீட்புத் தொடர் உங்களிடம் இருக்கும், வேறு யாரிடமும் இருக்காது. இந்தப் பெக்கேஜ்களில் அப்படி ஒன்றும் இல்லை. பணத்தை யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கில் போடுகிறீர்கள், பதிலுக்கு ஒரு செயலியில் எண்கள் ஏறுகின்றன. எவரையும் நம்பாதே என்ற கொள்கையைச் சொல்லி, என்னை மட்டும் நம்பு என்று கேட்கிறார்கள். உண்மையான சுதந்திரவாதி ஒருவர் அந்த மாடியில் இருந்தால் முதலில் எழுந்து வெளியே போவது அவராகத்தான் இருக்கும். பெயர் பெற்ற பெரிய கிரிப்டோ சந்தையான எஃப்டிஎக்ஸே 2022 நவம்பரில் விழுந்தபோது, சாவியை அதனிடம் விட்டவர்கள் வருடக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அசல் பிட்காயினே 2021 நவம்பரில் 69,000 டொலருக்குக் கிட்ட இருந்து ஒரு வருடத்தில் 16,000 அளவுக்கு இறங்கியது. அதில் தினசரி நிலையான லாபம் எங்கிருந்து வரும்?

சட்ட நிலையும் தெரிந்திருக்க வேண்டும். கிரிப்டோ இலங்கையில் சட்டபூர்வ நாணயம் இல்லை, பெக்கேஜ் விற்க யாருக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி பலமுறை அறிவித்திருக்கிறது. கிரெடிட், டெபிட் அட்டையால் அதற்குப் பணம் கட்டவும் அந்நியச் செலாவணி விதிகள் இடம் தரவில்லை. ஆள் சேர்த்து ஓடும் பிரமிட் திட்டம் வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி குற்றம். நடத்துகிறவர் மட்டுமல்ல, அதை ஊக்குவிக்கிறவரும் மாட்டுவார். இங்கேதான் தோட்டத்தில் சிக்கல் பெரிதாகிறது. உங்களைச் சேர்த்தவர் சித்தப்பா மகனாக இருப்பார், நீங்கள் சேர்த்தது பக்கத்து லயத்து மாமியாக இருக்கும். நகையை அடகு வைத்தும் குழுக் கடன் எடுத்தும் போட்டிருப்பார்கள். பணம் போன பிறகும் வெட்கத்தில் யாரும் பொலிசுக்குப் போவதில்லை. தயவுசெய்து போங்கள். வட்சப் பேச்சை அழிக்காதீர்கள், வங்கியில் போட்ட சிட்டையை வைத்திருங்கள். இழந்ததை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று பிறகு ஒருவர் அழைத்தால் அது அதே ஏமாற்றின் இரண்டாம் சுற்று.

வீட்டிலிருந்து வெளிநாட்டு வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வேறு விஷயம். சம்பளத்தை, டொலர் விலையோடு கட்டப்பட்ட டெதர் போன்ற கிரிப்டோ நாணயத்தில் வாங்கி, முகம் தெரியாத ஒருவருக்கு விற்று, ரூபாயாகக் கணக்கில் எடுக்கிறார்கள். வரியிலிருந்து தப்பிவிட்டதாக நினைப்பு. எவ்வளவு வரி என்று கணக்குப் போட்டீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 லட்சம் ரூபாய் வரை வரி கிடையாது. மாதம் 2 லட்சம் எடுப்பவருக்கு 24 லட்சம், மிஞ்சும் 6 லட்சத்துக்கு 6 சதவீதம், வருடத்துக்கு 36,000. மாதம் 3,000 ரூபாய். வருமானம் இன்னும் கூடினாலும், வெளிநாட்டுக்குச் செய்த சேவைக்கான பணம் வங்கி வழியாக அந்நியச் செலாவணியாக வந்தால் உச்ச வீதம் 15தான். டெதரை ஆளுக்கு ஆள் விற்று வந்த ரூபாயை வைத்து அந்த 15ஐக் கேட்க முடியாது.

அதோடு வாங்கியவர் அனுப்பிய ரூபாய் யாரையோ ஏமாற்றிய பணமாக இருந்தால், விசாரணையில் வருவது உங்கள் கணக்கு. பிட்காயினில் செய்த ஒவ்வொரு கைமாற்றமும் எல்லாரும் பார்க்கக்கூடிய பேரேட்டில் அழியாமல் கிடக்கும். மறைவாகச் செய்கிறோம் என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. வீட்டுக் கடனுக்கோ வீசாவுக்கோ போகும்போது மூன்று வருட வருமானத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். வரி அறிக்கையும் வங்கிக் கூற்றும் இல்லாதவரிடம் நான் தயாரித்துக் கொடுக்க ஒன்றும் இல்லை.

அரசாங்கம் தேவைக்கு மேல் எடுக்கிறது என்ற கோபம் இருந்தால், அதைச் சட்டப்படியே காட்ட ஒரு இடம் சொல்கிறேன். ஓய்வுபெற்ற அம்மாவின் சேமலாப நிதிப் பணம் வங்கியில் நிலையான வைப்பில் இருந்தால், 2025 ஏப்ரல் முதல் அந்த வட்டியில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். வருட வருமானம் மொத்தமாக 18 லட்சத்துக்குக் கீழே என்றால் பிடிக்க வேண்டாம் என்று சுயபிரகடனம் கொடுக்கலாம். படிவம் வங்கியிலேயே கிடைக்கும், அடையாள அட்டையோடு டின் எனும் வரி செலுத்துநர் இலக்கத்தையும் கொண்டுபோங்கள். ஏற்கனவே பிடித்ததை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் திருப்பிக் கேட்கவும் வழி உண்டு. என்னிடம் வரும் குடும்பங்களில் கிரிப்டோவைப் பற்றித் தெரிந்தவர்கள் நிறையப் பேர், இந்தப் படிவத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.