கரிசல் மண்ணில் டிஷ் ஏன் சாய்கிறது?

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் தரையில் கம்பம் நட்டு டிஷ் மாட்டியவர்கள், ஐப்பசியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் மழையைத்தான் திட்டுவார்கள். பழியில் பாதி மண்ணுக்குப் போக வேண்டும்.

கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் நிறைய உண்டு. அதன் நுண்ணிய அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் அடுக்குகள் விலகி மண் உப்பும். கோடையில் காய்ந்து சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும்.

கம்பம் அப்படியே நேராக அரையடி உயர்ந்தாலும் டிஷ்ஷுக்கு ஒன்றும் ஆகாது. செயற்கைக்கோள் இருப்பது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே அரையடி எந்தக் கணக்கிலும் வராது. சாய்ந்தால்தான் வம்பு. டிடிஎச் சேவைகளின் அலைநீளம் சுமார் 2.5 செ.மீ. அந்த அலைக்கு 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் ஏறக்குறைய 3 டிகிரிதான். நடுவிலிருந்து 1.5 டிகிரி விலகினால் கிடைக்கும் சக்தி பாதியாகிவிடும். 2 மீட்டர் கம்பத்தின் உச்சி 5 செ.மீ. சரிந்தாலே கிட்டத்தட்ட அவ்வளவு விலகல். அதிலும் டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், கோவில்பட்டியிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேலே 69 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு செங்குத்தாகப் பார்க்கும் டிஷ், கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குறி தப்பும்.

சக்தி பாதி போனாலும் வெயில் நாளில் படம் பளிச்சென்றே வரலாம். டிஜிட்டல் சிக்னல் ஒரு வரம்பு வரை தாங்கும், அப்புறம் ஒரேயடியாக அறுந்துவிடும். மழை மேகம் மீதியையும் உறிஞ்சும்போதுதான் சாய்வு வெளியே தெரிகிறது.

மண் சீராக உப்பினால் கம்பம் நேராக ஏறி இறங்கும். ஆனால் ஒரு பக்கம் குளியலறைத் தண்ணீர் தேங்கும், மறுபக்கம் வேப்பமரம் ஈரத்தை உறிஞ்சும். சாய்வுக்கு அது போதும்.

கான்கிரீட்டை அள்ளிக் கொட்டினால் அசையாது என்பது பலருடைய நம்பிக்கை. குழியின் வாய்ப்பக்கம் காளான் குடைபோல் விரிந்த கான்கிரீட்டை, உப்பும் மண் அடியிலிருந்தே நெம்பிவிடும். கரடுமுரடான பக்கங்களையும் கவ்வித் தூக்கும். செய்ய வேண்டியது நேர்மாறானது: மேலே குறுகல், கீழே அகலம், மேற்பகுதியைச் சுற்றி வழவழப்பான பிவிசி குழாய். கட்டடங்களுக்கு ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த குமிழ் அடித்தூண்களும் இதே வழிதான். குமிழின் விட்டம் தண்டைப்போல் சுமார் 2.5 மடங்கு, ஆழமான கரிசலில் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும்.

ஒரு டிஷ்ஷுக்காக யார் அவ்வளவு தோண்டுவார்கள்? நல்ல அஸ்திவாரமுள்ள வீடென்றால் மொட்டைமாடியே மேல். தரையில்தான் வேண்டுமென்றால், கான்கிரீட் பலகையில் நான்கு போல்ட் பதித்து, கம்பத்தின் அடித்தகட்டை மேலும் கீழும் நட்டு போட்டு நிறுத்தலாம். பலகை சாயத்தான் செய்யும், சாயட்டும். மழைக்காலம் தொடங்கியதும் ஒருமுறை, கோடையில் ஒருமுறை ரசமட்டம் வைத்து நட்டுகளைத் திருகிக் கம்பத்தை நேராக்கினால் குறி தானே திரும்பிவிடும். டிஷ்ஷின் கோணத் திருகுகளைத் தொடவே வேண்டாம்.