பூஞ்சை பிடித்த சைலேஜை வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடாது

மழை விட்டு விட்டுப் பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "மாடு தீனி எடுக்கலைங்க டாக்டர், பால் பாதியாயிடுச்சு, சாணி தண்ணியாப் போவுது." போய்ப் பார்த்தால் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் வாய் திறந்தபடி ஒரு சைலேஜ் கட்டு (காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்த பசுந்தீவனம்) கிடக்கும், உள்ளே கை விட்டால் சுடும்.

போன வாரம் வாழப்பாடிப் பக்கம் ஒரு அக்கா வீட்டில் சினை மாடு ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது. கன்று வீசப் பல காரணம் உண்டு, பரிசோதனை முடிவு வராமல் தீவனம்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். (வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் தயவுசெய்து வெறுங்கையால் தொடாதீர்கள், கன்று வீசவைக்கும் புருசெல்லா கிருமி நோய் மனிதருக்கும் வரும்.) ஆனால் அந்த வீட்டுச் சைலேஜ் கட்டுக்குள் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை. கேட்டால், "மேலாப்புல இருந்ததை எடுத்துப் போட்டுட்டு, மிச்சத்தை வெயில்ல காயவெச்சுத்தானுங்க போட்டேன்" என்கிறார். இதே பதிலை ஆத்தூரிலும் கேட்கிறேன், அயோத்தியாப்பட்டணத்திலும் கேட்கிறேன், ஏற்காடு அடிவாரத்திலும் கேட்கிறேன். இனிமேல் எழுதாமல் இருக்க முடியாது.

வெயில் ஈரத்தைத்தான் எடுக்கும். பூஞ்சை ஏற்கெனவே விட்டுப்போன நஞ்சை முழுசாக எடுக்காது. அஃப்ளாடாக்சின் போன்ற பூஞ்சை நஞ்சுகள் வெயிலிலும் முழுசாகப் போகாது, அடுப்புச் சூட்டிலும் முழுசாகப் போகாது. கண்ணுக்குத் தெரியும் அந்த வெள்ளைத் திட்டு பூஞ்சையின் ஒரு பகுதிதான், அதன் இழை சுற்றியுள்ள தீவனத்துக்குள் ஓடியிருக்கும், நஞ்சுக்கோ நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அதனால் மேலே வழித்துப் போட்டதும் "சுத்தமாகிவிட்டது" என்று நினைப்பது உங்கள் கண்ணை நீங்களே ஏமாற்றுவது. தவிட்டில் கலந்து போட்டாலும் அப்படித்தான். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கியதைத் தவிடும் புண்ணாக்கும் தூவித் தின்னவைப்பது இன்னும் மோசம், வேண்டாம் என்று அது சொல்லியும் கேட்காமல் ஊட்டுகிறீர்கள். நஞ்சை உறிஞ்சும் பவுடர் விற்கிறார்கள், ஓரளவு உதவும்தான், அதை நம்பிக் கெட்டதைப் போடலாம் என்று அர்த்தமில்லை. அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுப்பதோடு நிற்காமல் ஒரே நாளில் பாலிலும் இறங்கிவிடும், பாலைக் காய்ச்சினாலும் போகாது. ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. சொசைட்டிக்கு ஊற்றுவது போக மீதிப் பால் உங்கள் வீட்டுக் குழந்தைக்குத்தானே?

சேகோ (ஜவ்வரிசி) ஆலையிலிருந்து வரும் ஈரத் திப்பிக்கும் (மரவள்ளிக் கிழங்குச் சக்கை) இதே கதைதான், நாலு நாள் குவித்து வைத்துப் பூத்ததைப் போடாதீர்கள்.

சரி, நல்லா மூடி வந்த சைலேஜ் ஏன் கெடுகிறது? காற்று. பெரும்பாலும் அது மட்டும்தான். ஊறுகாய் ஜாடியில் யாராவது ஈரக்கரண்டி விட்டால் வீட்டில் எவ்வளவு சத்தம் போடுகிறோம், இங்கே மூட்டையையே நாள் முழுக்கத் திறந்து வைக்கிறோம். கிலோவுக்குக் கொஞ்சம் விலை குறைகிறது என்று மூன்று மாடு வைத்திருப்பவர் 400 கிலோ கட்டு வாங்குகிறார். மாட்டுக்கு 15 கிலோ வீதம் போட்டால் நாளைக்கு 45 கிலோ, கட்டு தீர ஒன்பது நாள் ஆகும். நம் சேலத்து வெயிலில் திறந்த கட்டு அத்தனை நாள் தாங்காது. 50 கிலோ மூட்டையாக வாங்கித் தினமும் ஒன்று காலி செய்யுங்கள். ஒரே மாடு என்றால் பக்கத்து வீட்டோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எடுத்ததும் காற்றை அழுத்தி வெளியேற்றி இறுகக் கட்டுங்கள். எலி கடித்த ஓட்டை, காக்கை கொத்திய ஓட்டை எல்லாவற்றையும் அன்றைக்கே டேப் போட்டு ஒட்டுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள்.

சொந்தமாகச் சைலேஜ் குழி போடுகிறவர்கள் மக்காச்சோளக் கதிரை ஒடித்துப் பார்த்து, மணியில் பால் பாதி இறுகியதும் அறுங்கள். நறுக்கியதைக் கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது, உதிரவும் கூடாது. ஒன்றிரண்டு சென்டிமீட்டராக நறுக்கி, டிராக்டர் ஏற்றி மிதியுங்கள், மிதியுங்கள், மிதித்தது போதும் என்று தோன்றிய பிறகும் இன்னொரு சுற்று. படைப்புழு குடைந்த கதிர் நிறைய இருந்தால் வயலிலிருந்தே பூஞ்சை கூடவே வரும், ஒதுக்கிவிடுங்கள். கோ-5 மாதிரி கம்பு நேப்பியரை வாடவிட்டு, சர்க்கரைப்பாகுக் கழிவு சேர்த்துப் போடுங்கள்.

மாட்டுக்குச் சைலேஜைப் புதிதாக ஆரம்பிக்கும்போது நாளைக்கு 5 கிலோவில் தொடங்கி ஒரு வாரத்தில் கூட்டுங்கள். கூடவே வைக்கோலோ சோளத்தட்டோ கட்டாயம் வேண்டும். பால் கறந்த பிறகு போடுங்கள், வாசம் பாலில் ஏறாது. அசை போட ஆரம்பிக்காத கன்றுக்கு வேண்டவே வேண்டாம்.

நல்ல சைலேஜ் மஞ்சள் கலந்த பச்சையாக, இதமான புளிப்பு வாசத்தோடு இருக்கும். அழுகிய வெண்ணெய் நாற்றம், சூடு, கறுப்பு, வழவழப்பு, இதில் எது இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். சினை மாடு என்றால் யோசிக்கவே வேண்டாம். காசு போனது வலிக்கும், எனக்குப் புரிகிறது, நாற்பது ஐம்பதாயிரம் ரூபாய் மாடு போனால் அதைவிட வலிக்கும். மாடு ஏற்கெனவே தின்று சுணங்கிவிட்டதா, மிச்சத்தை அவசர அவசரமாகக் குப்பையில் கொட்டிவிடாமல், இரண்டு கைப்பிடி எடுத்துக் கவரில் கட்டி வையுங்கள், மூட்டையில் தேதி ஒட்டியிருந்தால் அதையும் கிழிக்காமல் வையுங்கள். வரும் டாக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.