பால்கனிக்கு இழுத்த சாக்கெட் எந்த சர்க்யூட்டில் சேரும்?

ஹால் சர்க்யூட், பெட்ரூம் சர்க்யூட் என்று அறை அறையாகச் சொல்லித்தான் நமக்குப் பழக்கம். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் வெளியிடும் தேசிய மின் விதித்தொகுப்பு அறையைப் பார்ப்பதே இல்லை. டிபியில் (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒரு எம்சிபியிலிருந்து (கரன்ட் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) ஒயர் கிளம்பி, நடுவில் வேறு டிபி எதுவும் குறுக்கிடாமல் எந்தெந்தப் பாயின்ட் வரை போகிறதோ அது மொத்தமும் ஒரே இறுதிச் சுற்று. மீட்டரிலிருந்து டிபிக்கு வருவது மெயின், மாடிக்கெனத் தனி டிபி வைத்தால் அதுவரை போவது சப்மெயின், இதிலெல்லாம் யாருக்கும் குழப்பம் வராது.

இறுதிச் சுற்றில்தான் வருகிறது. அதிலிருந்து பிரியும் கிளைகளும் பிறகு நீட்டியவையும்கூட அதே சுற்றுதான் என்று விதியிலேயே இருக்கிறது. அதனால் வீடு கட்டிப் பல வருஷம் கழித்து, பால்கனிக்கு ஒரு சாக்கெட் வேண்டுமென்று ஹால் ஸ்விட்ச்போர்டிலிருந்து லைன் இழுத்தால், பழைய சர்க்யூட்டில் ஒரு பாயின்ட் கூடிவிட்டது என்றே அர்த்தம்.

சரி, கூடினால் என்ன? லைட் சர்க்யூட்டில் விளக்கு, ஃபேன், 6 ஆம்ப் சாக்கெட் எல்லாம் சேர்த்து 10 பாயின்ட் அல்லது 800 வாட், எது முதலில் நிறைகிறதோ அதுவே எல்லை. ஃபேனுக்கு 60 வாட், 6 ஆம்ப் சாக்கெட்டுக்கு 100 வாட் என்று கணக்கு வைப்பார்கள். 3 ஃபேன், 60 வாட் வீதம் 4 விளக்கு, 3 சாக்கெட் இருந்தால் 720 வாட், 10 பாயின்ட். பால்கனி சாக்கெட்டோடு 820 வாட், 11 பாயின்ட். இரண்டுமே தாண்டிவிட்டது. (குறைந்த வாட் விளக்கு என்றால் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள மத்தியப் பொதுப்பணித்துறையின் விதியில் இடமுண்டு.)

பவர் சர்க்யூட்டில் இரண்டே 16 ஆம்ப் சாக்கெட், 3000 வாட்தான் எல்லை. 2000 வாட் கீசரும் 1000 வாட் அயர்ன்பாக்ஸும் போட்டாலே நிரம்பியது. ஒயரும் வேறு: லைட்டுக்குப் பொதுவாக 1.5 சதுர மில்லிமீட்டர், பவருக்கு 4.

அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று லைட் சர்க்யூட்டில் பெரிய எம்சிபியை மாட்டிவிடுவதைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள், எம்சிபி காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கும் அந்த மெல்லிய ஒயரை. புதிதாகப் பாயின்ட் போடுவதற்கு முன், ஒவ்வொரு எம்சிபியாக அணைத்து எது எது நிற்கிறது என்று பார்த்து டிபி மூடியின் உள்பக்கத்தில் எழுதி வையுங்கள், அப்புறம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.