சொல் விளக்கம்: விடாச்சீட்டு

டாரட் என்ற படச்சீட்டுக் கட்டை வைத்துக் குறி பார்ப்பவர்கள் வட்டாரத்தில் 'ஸ்டாக்கர் கார்டு' என்றொரு சொல் புழங்குகிறது. சீட்டுக்கட்டை எத்தனை முறை கலைத்து எடுத்தாலும் மறுபடி மறுபடி கைக்கு வரும் ஒரே சீட்டுக்கு அந்தப் பெயர். திங்கட்கிழமை வேலையைப் பற்றிக் கேட்டபோது 'வாள் எட்டு' வருகிறது. வியாழக்கிழமை கல்யாணத்தைப் பற்றிக் கேட்கிறோம். அப்போதும் அதே சீட்டு; அதில் ஒரு பெண், கண்ணும் கையும் கட்டப்பட்டு எட்டு வாள்களுக்கு நடுவே நிற்கிறாள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்கு முன், டாரட் என்ற சொல்லையே கொஞ்சம் பார்த்துவிடலாம்.

எழுத்துக்கூட்டில் நமக்குள் ஒற்றுமை இல்லை. டாரட், டாரோட், டேரட், டாரோ என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். பிரெஞ்சில் கடைசி எழுத்துக்கு ஒலி கிடையாது. 'தாரோ' என்பதுதான் அங்குள்ள உச்சரிப்பு, ஆங்கிலத்தில் 'டாரோ'. தமிழில் 'டாரட்' வேரூன்றிவிட்டதால் நானும் அதையே எழுதுகிறேன். பிரெஞ்சுச் சொல்லுக்குத் தாய் இத்தாலிய 'தரோக்கி'. அந்தப் பெயர் 1505-ல் ஃபெர்ராரா அரசவைக் கணக்கேட்டில் தலைகாட்டுகிறது. அதன் பொருள் என்ன என்ற வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

ஆனால் சீட்டு அந்தப் பெயரைவிட மூத்தது. 1440-ல் ஃப்ளோரன்ஸ் பக்கத்தில் எழுதப்பட்ட ஒரு நாட்குறிப்பில் இதே சீட்டுக்கட்டு 'த்ரியோன்ஃபி' என்று வருகிறது. வெற்றிகள், வெற்றி ஊர்வலங்கள் என்று பொருள். சாதாரணச் சீட்டுகளை வெட்டும் வலிமை கொண்ட 21 படச்சீட்டுகளையும், வெட்டவும் வெட்டுப்படவும் செய்யாத ஒரு கோமாளியையும் சேர்த்து அவர்கள் ஆடியது சூதாட்டமும் பொழுதுபோக்கும்தான், குறி அல்ல. அந்த 'த்ரியோன்ஃபி' வழியில் பிறந்தவைதான் ஆங்கில 'ட்ரம்ப்', போர்ச்சுகீசிய 'த்ரூன்ஃபு', டச்சு 'த்ரூஃப்' எல்லாம். நாம் சீட்டாட்டத்தில் 'துருப்பு' என்கிறோமே, அதுவும் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. ஆக, 'மேஜர் ஆர்கானா' எனப்படும் 22 சீட்டுகளுக்கு 'பெரும் மறைபொருள்' என்று கடினமாகப் பெயர் சூட்ட வேண்டியதில்லை. 'துருப்புகள்' என்றாலே போதும். வரலாற்றுக்கும் அதுவே பொருத்தம். மீதி 56 சீட்டுகள் கோல், கிண்ணம், வாள், நாணயம் என்ற நான்கு இனங்கள், இனத்துக்கு 14. ஆர்கானா என்றால் லத்தீனில் இரகசியங்கள். 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மறைஞானிகள் ஒட்டிய முத்திரை அது.

குறி சொல்லும் கருவியாக இதற்குப் பெரும் புகழ் வந்தது 1780-களில். கூர் த ஜெப்லென் என்ற பிரெஞ்சு அறிஞர் 1781-ல், இது பண்டைய எகிப்தியப் பூசாரிகள் ஒளித்துவைத்த ஞானநூல் என்று எழுதினார். ஆதாரம் ஏதும் இல்லை. எகிப்திய எழுத்தை அப்போது எவராலும் படிக்கவும் முடியாது. ஆனாலும் கதை பிடித்துக்கொண்டது. சில ஆண்டுகளில் 'எத்தெய்யா' என்ற புனைபெயரில் ஒருவர் பாரிஸில் சீட்டுக் குறியைத் தொழிலாகவே நடத்தினார். இன்று பெரும்பாலோர் கையில் இருக்கும் கட்டு 1909-ல் லண்டனில் வெளியானது: ஏ. இ. வெய்ட் திட்டமிட்டது, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. அதற்கு முந்தைய பெரும்பாலான கட்டுகளில் 'வாள் எட்டு' என்றால் வெறும் எட்டு வாள்கள்தான். கண் கட்டிய பெண்ணை அங்கே நிறுத்தியவர் பமேலா. முகமும் கதையும் உள்ள ஒரு சீட்டு திரும்பி வரும்போதுதான் அது நம்மைத் தேடி வருவதாகத் தோன்றும்.

இனி 'ஸ்டாக்'. பழைய ஆங்கிலத்தில் ஓசையில்லாமல் பதுங்கி நடப்பது. பிறகு வேட்டைக்காரன் மானை நோக்கி ஊர்ந்து போவது. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், விருப்பமில்லாத ஒருவரை விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது. இந்தக் கடைசிப் பொருளில் அது குற்றம். நம் நாட்டில் 2013-ல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. டாரட் கட்டில் இருப்பதும் 78 சீட்டு. இதைக் கண்டால் குறி சொல்பவர்கள் விடமாட்டார்கள்! எனக்கு அந்த ஆங்கிலப் பெயர் பிடிக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் தினமும் நிற்கும் ஒருவனுக்குப் பயந்து வழியை மாற்றிக்கொள்ளும் பெண்ணுக்கு அந்தச் சொல் தரும் நடுக்கத்தை, அட்டைத் துண்டுக்குச் செலவழிப்பது வீண்.

அதனால் 'துரத்தும் சீட்டு', 'பின்தொடர் சீட்டு' இரண்டையும் ஒதுக்குகிறேன். 'மீள்சீட்டு' சுருக்கமானது, ஆனால் மீட்பு, மீளாய்வு என்று அலுவலக வாடை அடிக்கிறது. விடாக்கண்டன், விடாப்பிடி என்பவற்றின் வழியில் 'விடாச்சீட்டு' என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. பிடிவாதமும் லேசான எரிச்சலும் அதில் இருக்கிறது. டாரட் ரீடிங் என்பதையும் 'சீட்டு வாசிப்பு' என்று பெயர்க்க வேண்டாம். சங்கப் பாடல்களில் வேலன் என்ற முருகன் பூசாரி கழங்குக் காய்களை இட்டுப் பார்த்ததும் கட்டுவிச்சி என்ற குறிகாரி முறத்து நெல்லை எண்ணிப் பார்த்ததும் 'குறி' என்றால், இதுவும் சீட்டுக்குறி.

சரி, விடாச்சீட்டுக்கு என்ன பலன் சொல்கிறார்கள்? துருப்பு திரும்பத் திரும்ப வந்தால் வாழ்க்கையின் பெரிய திருப்பம், இனச்சீட்டு வந்தால் அன்றாடக் காரியம், ராஜா ராணி வந்தால் ஒரு குறிப்பிட்ட ஆள் என்பது பொதுவான கணக்கு. ஒரே சீட்டு வராமல் ஒரே இனமோ ஒரே எண்ணோ அடுக்கடுக்காக வந்தாலும் சிலர் அதைக் கணக்கில் எடுப்பார்கள். நல்ல குறிசொல்லி இதோடு நிற்கமாட்டார். எந்தக் கேள்விகளுக்கு வந்தது, பக்கத்தில் என்ன சீட்டு இருந்தது, தலைகீழாக வந்தது எப்போது என்று கேட்பார். முதல் தடவை சொன்ன பலனையே நான்காம் தடவையும் ஒப்பிப்பவரிடம் காசு கொடுப்பது வீண்.

மொழிபெயர்ப்பு இங்கே நன்றாகவே காலை வாரும். 16-ஆம் துருப்பை 'கோபுரம்' என்று எழுதுகிறார்கள். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று வளர்ந்தவருக்கு அது மூன்று முறை வந்தால் மனம் குளிர்ந்துபோகும். படத்தில் இருப்பதோ இடி விழுந்து தீப்பற்றிய கட்டடம், அதிலிருந்து தலைகுப்புற விழும் இருவர். 'இடிவிழுந்த கோட்டை' என்பது நேர்மையான பெயர். 12-ஆம் துருப்பைத் 'தூக்கிலிடப்பட்டவன்' என்பதும் பிழை; அவன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான், உயிரோடு. 13-ஆம் துருப்பு மரணம். 'மார்செய்' எனப்படும் பழைய பிரெஞ்சுக் கட்டுகளில் அதற்கு எண் மட்டும் இருக்கும், பெயர் எழுதமாட்டார்கள். அது விடாமல் வந்தால் யாரும் சாகப்போவதில்லை, ஏதோ ஒன்று முடியப்போகிறது என்பதே குறிசொல்லிகள் தரும் பலன்.

கணக்கு வேறு சொல்கிறது. தினம் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பவருக்கு, 11 நாளுக்குள் ஏதோ ஒரு சீட்டு இரண்டாம் முறை வர வாய்ப்பு பாதிக்கு மேல். 30 நாளில் அது கிட்டத்தட்ட நிச்சயம். அதே 30 நாளில் ஏதாவது ஒரு சீட்டு மூன்று முறையாவது வர வாய்ப்பு நூற்றுக்கு 40 அளவில் இருக்கிறது. 'மரணம்தான் மூன்று முறை வரும்' என்று முதல் நாளே எழுதிவைத்துவிட்டு எடுத்தால் அது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. வந்த பிறகு வியப்பதும் வருமுன் சொல்வதும் ஒன்றல்ல. நன்றாகக் கலைத்தால் கிடைக்கும் கணக்கு இது. 52 சீட்டுக் கட்டை இரு பாதியாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று சரசரவென விழவிட்டுக் கலைத்தாலே ஏழு முறை வேண்டும் என்று பேயர், டயகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் 1992-ல் காட்டினார்கள். டாரட் சீட்டு அகலம். மடங்கிவிடுமோ என்று பயந்து கையிலேயே நாலு தரம் மாற்றி மாற்றிப் போடுகிறோம். நேற்று மேலே வைத்த சீட்டு இன்றும் மேலேயே கிடப்பதில் தெய்வச் செயல் ஒன்றுமில்லை.

இதற்கெனத் தமிழில் முன்பே ஏன் ஒரு சொல் இல்லை? நம்மிடம் திருவுளச்சீட்டு உண்டு. எழுதி, மடித்து, சந்நிதியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம். வந்தது வந்ததுதான், பிடிக்கவில்லை என்று மறுநாள் போய்க் கேட்பது மரபல்ல. கிளி ஜோசியரிடமும் கிளி ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கூண்டுக்குள் போய்விடும். கேட்பவர் ஒரு கட்டைச் சொந்தமாக வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, காபி ஆறுவதற்குள் ஒரு சீட்டு என்று நாள்தோறும் கேட்கத் தொடங்கிய பிறகுதான் விடாச்சீட்டு பிறக்கிறது. பெரும்பாலும் கேள்வியும் அதேதான்: அவன் திரும்பி வருவானா, இந்த வேலையை விடலாமா. சீட்டை விடாப்பிடி என்கிறோம், கேட்பவரும் சளைத்தவரல்ல.

கலைக்கும்போது கையிலிருந்து தானாகத் துள்ளி விழும் சீட்டை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்கு ஆங்கிலத்தில் 'ஜம்பர்' என்று பெயர். 'துள்ளுசீட்டு' என்று எழுதலாம். விழுந்ததை எடுத்துப் பலன் சொல்பவரும் உண்டு, பேசாமல் கட்டுக்குள் செருகிவிடுபவரும் உண்டு. துள்ளுசீட்டே விடாச்சீட்டாகவும் இருந்துவிட்டால், கட்டின் ஓரங்களை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். அந்தச் சீட்டு கொஞ்சம் வளைந்திருக்கக்கூடும்.