பிடித்த கேம், பிடித்துக்கொண்ட கேம்

"அப்படி என்னதான் இருக்கிறது அந்த கேமில்?"

ஆலோசனைக்கு வரும் பெற்றோர் அடிக்கடி சொல்வது இது. கேள்விக்குறி இருந்தாலும் வசையாகத்தான் வந்து விழும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் வசையாகவே வாங்கிக்கொண்டு தரையைப் பார்க்கும். உண்மையில் இதற்கு விவரமான பதில் உண்டு. ஒரு கேம் நமக்கு ஏன் பிடிக்கிறது என்பது ஒன்று. ஒரு கேம் நம்மை ஏன் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது என்பது வேறொன்று. இரண்டுக்கும் வேலை செய்யும் பாகங்களே வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான், பிள்ளைக்கு நல்லது செய்துகொண்டிருக்கும் கேம் பிடுங்கப்படுகிறது. தூக்கத்தைக் கெடுக்கும் கேம் 'ஏதோ சின்ன கேம்தானே' என்று தப்பித்துவிடுகிறது.

முதலில் பிடிப்பதைப் பார்ப்போம்.

கேம் பிடிப்பது விரல் நுனியில் தொடங்குகிறது. கதை, படம், இசை எல்லாம் அதற்குப் பிறகு. 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் பட்டனை லேசாகத் தட்டினால் குட்டித் தாவல், அழுத்திப் பிடித்தால் உயரத் தாவல், ஓடிவந்து தாவினால் இன்னும் தூரம். ஒரே பட்டனுக்குள் இத்தனை பிடிமானம் இருந்ததால், எங்கேயும் போகாமல் சும்மா குதித்துக்கொண்டிருப்பதே சுகமாக இருந்தது.

2018-ல் வந்த செலஸ்ட் என்ற மலையேறும் கேமை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். பாறை விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போய்விட்ட பிறகும், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு அது தாவ அனுமதிக்கும். நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படங்கள், ஓடும் திரையில் ஒரு ஃப்ரேம் சுமார் 16.7 மில்லிசெகண்ட், ஆக, ஆறு ஃப்ரேம் சலுகை. கேம் செய்பவர்கள் இதை 'கயோட்டி டைம்' என்பார்கள். அதேபோல, கால் தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே அவசரப்பட்டுப் பட்டனைத் தட்டிவிட்டாலும், அதை ஞாபகம் வைத்திருந்து தரை தொட்டதும் தாவ வைக்கும். விளையாடுபவர் கண்ணில் இதெல்லாம் படவே படாது. 'சரியான நேரத்தில் தாவினேன்' என்ற நிறைவு மட்டும் மனதில் தங்கும். இந்தச் சலுகையை எடுத்துவிட்டால் அதே ஆள், 'நான் தட்டினேன், அது தாவலை' என்று கன்ட்ரோலரைத் தூக்கிப் போடுவார்.

சண்டை கேம்களில் அடி விழும் கணத்தில் இரண்டு உருவங்களும் சில ஃப்ரேம்கள் அப்படியே உறைந்து நிற்கும். அந்த உறைவு இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய உதையும் பஞ்சு மூட்டையில் பட்டதுபோல் இருக்கும்.

போகிற போக்கில் ஒன்று. ஊரெல்லாம் கொண்டாடும் கேம் உங்கள் வீட்டு டிவியில் மட்டும் சவசவ என்று இருந்தால், கேமைக் குறை சொல்வதற்கு முன் டிவியின் பட அமைப்பில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். படத்தை அழகுபடுத்தும் வேலைகளுக்காக டிவி ஒவ்வொரு காட்சியையும் தாமதித்துத்தான் காட்டும். சினிமாவுக்கு அது பரவாயில்லை. ஆறு ஃப்ரேம் சலுகையை அந்தத் தாமதமே தின்றுவிட்டால் கேமில் என்ன மிஞ்சும்?

அடுத்தது, பாடம் நடத்துவது தெரியாமல் பாடம் நடத்துவது. மாரியோவின் முதல் கட்டத்தில் விளக்கக் குறிப்பு ஏதும் இல்லை. மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் காலியாகக் கிடக்கிறது. அந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்று கை தானாகப் புரிந்துகொள்கிறது. முதல் எதிரி நேராக வருகிறது. மோதினால் சாவு, ஆனால் இழப்பதோ சில நொடிகள்தான். பிறகு ஒரு கட்டியை முட்டினால் காளான் வெளியே வந்து வலப்பக்கம் ஓடி, குழாயில் மோதி, மாரியோவை நோக்கியே திரும்பி வருகிறது. மேலே கட்டிகள் இருப்பதால் தாவித் தப்பிப்பது கஷ்டம். எப்படியும் அது மேலே படும், மாரியோ பெரிதாவான். இவ்வளவும் கேமை வடிவமைத்த மியாமோட்டோ குழுவினர் திட்டமிட்டு வைத்தது. விளையாடுபவர் கணக்கிலோ அது 'நானே கண்டுபிடித்தது'. பள்ளிக்கூடத்தில் எத்தனை பாடம் அப்படி முடிகிறது?

மேலிருந்து விழும் வடிவங்களை அடுக்கும் டெட்ரிஸ் இன்னும் விசித்திரம். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. அகலத்தில் 10 கட்டம், உயரத்தில் 20, ஏழே ஏழு வடிவங்கள். முடிவில்லாத ஆட்டத்தில் எப்படி ஆடினாலும் கடைசியில் தோல்விதான். நன்றாக அடுக்கி ஒரு வரிசை நிரம்பினால் அது மறைந்துவிடும். கண் முன்னே கிடப்பதெல்லாம் நம் தவறுகள் மட்டும். அதனால்தான் 'இன்னொரு தடவை' என்று கை போகிறது. பிந்தைய பதிப்புகள் பலவற்றில் ஏழு வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார்கள். பை காலியானதும் அடுத்த பை. எனவே நீளக் கம்பி ஒன்று வந்தபின் அடுத்த கம்பிக்கு அதிகபட்சம் 12 துண்டுகள்தான் காத்திருக்க வேண்டும். முழுக்க முழுக்க அதிர்ஷ்டத்துக்கு விட்டிருந்தால் 30 துண்டு வரை கம்பியே வராமலும் போகலாம். அப்போது தோற்பவர் தன்னைத் திட்டமாட்டார், கேமைத் திட்டிவிட்டு மூடுவார்.

தோல்வி யார் கணக்கில் விழுகிறது என்பதுதான் இங்கே சூட்சுமம். 2011-ல் வந்த டார்க் சோல்ஸ் பெயர்பெற்றதே கடினத்துக்காகத்தான். செத்தால், செலவழிக்காமல் சேர்த்து வைத்த ஆன்மாக்கள் (அந்த கேமின் காசு) செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பிப் போய் எடுக்கலாம், வழியில் மறுபடி செத்தால் போனது போனதுதான். ஆனால் எதிரி வாளை ஓங்குவது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, பார்த்துக் கற்றுக்கொள்ள முடிகிற மாதிரி. 'அவசரப்பட்டேன்' என்று சொல்லிக்கொண்டு திரும்பப் போக முடிகிறது. இன்னொரு பக்கம், கணக்கு சரியாக இருந்தாலும் மனம் ஏற்காது. வெற்றிவாய்ப்பு நாலில் மூன்று என்று காட்டிவிட்டு, அந்த நாலில் ஒரு தோல்வி வந்ததும் ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனதை சிவிலைசேஷன் கேமின் சிட் மெயர் 2010-ல் ஒரு மாநாட்டு உரையில் விவரித்தார். அதே ஆட்டக்காரர்கள் வாய்ப்பு தங்களுக்குப் பாதகமாக இருந்து ஜெயித்தபோது வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கணக்கைத்தான் மனசுக்கு ஏற்ப வளைக்க வேண்டியிருந்தது.

இனி, ஆளுக்கு ஆள் மாறும் பகுதி. பலர் சேர்ந்து ஆடும் முதல் எழுத்துவழி கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில், 1996-ல் ஆட்டக்காரர்களை நான்காகப் பிரித்தார்: சாதிக்க வருபவர், சுற்றிப்பார்க்க வருபவர், பழக வருபவர், பிறரை மடக்க வருபவர். பழைய பிரிவுதான், இதற்குள் அடங்காதவர்களும் உண்டு. ஆனாலும் ஒரு பிள்ளையிடம் பேசத் தொடங்க இதைவிட எளிய வழி கிடையாது. மைன்கிராஃப்டையே எடுங்கள். ஒருத்தி மாதக்கணக்கில் ஒரு கோட்டை கட்டுகிறாள். அவள் தம்பி குகைக்குள் குகையாக இறங்கிக்கொண்டே இருக்கிறான். இன்னொருவனுக்குக் கட்டுவதும் தோண்டுவதும் சாக்கு. பள்ளி மாறிப்போன நண்பன் அந்த சர்வரில் இருக்கிறான், அவ்வளவுதான். மூவரும் திரையில் பார்ப்பது ஒரே கேம்; மூவருக்கும் பிடித்திருப்பது ஒன்றல்ல. மூன்றாமவனிடம் 'அதை விட்டுட்டு ஒரு புத்தகம் படி' என்றால் அவன் காதில் விழுவது 'நண்பனை விட்டுவிடு' என்பதுதான். கோட்டை கட்டுபவளுக்கு வரைபலகை வாங்கிக் கொடுத்தால் ஒருவேளை எடுபடும்.

உளவியலில் டெசியும் ரயனும் வளர்த்த கோட்பாடு, மனிதருக்கு அடிப்படைத் தேவைகளாக மூன்றைச் சொல்கிறது: நானே முடிவெடுக்கிறேன், என்னால் முடிகிறது, எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். கேம்கள் இந்த மூன்றையும் எவ்வளவு தருகின்றன என்று 2006-ல் ரயனும் சக ஆய்வாளர்களும் பார்த்தார்கள். தருகிற அளவுக்கேற்ப விளையாட்டு இன்பமும் கூடியது. ஒரு பிள்ளையின் நாளில் இந்த மூன்றும் வேறு எங்கே கிடைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். விரல் மடக்கும் வேலையே இல்லாவிட்டால், கேம்மீது கோபப்பட்டுப் பயனில்லை.

இனி பிடித்துக்கொள்ளும் பாகங்களுக்கு வருவோம். எல்லாமே சதி இல்லை. ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம். படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும். சேவ் ஆன மறுநொடி விடிந்துவிடும். விதைத்தது முளைத்திருக்கும், தபால் பெட்டியில் கடிதம் வந்திருக்கும். அதாவது, நிறுத்த வேண்டிய இடமும் தொடங்கத் தூண்டும் இடமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'இன்னும் ஒரே ஒரு நாள்' என்பது அங்கேதான் பிறக்கிறது. யாரும் பணம் பறிக்கச் செய்ததல்ல. ஒரு தனிமனிதர் ஆசையாகச் செய்த கேமின் அமைப்பு அப்படி.

வேண்டுமென்றே செய்வது வேறு ரகம். தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் தொடர் அறுந்துவிடும். இந்த வாரம் மட்டும் கிடைக்கும் உடை. ஆற்றல் தீர்ந்துவிட்டது, மூன்று மணி நேரம் கழித்து வா அல்லது காசு கொடு. இவற்றில் விளையாட்டு எங்கே இருக்கிறது? இருப்பது வருகைப்பதிவு. எல்லாவற்றுக்கும் மேலே, என்ன விழும் என்று தெரியாமல் காசு கொடுத்து எடுக்கும் குலுக்கல். 2020-ல் வந்த கென்ஷின் இம்பாக்டில் ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் விழ அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், 90-வது குலுக்கலில் எப்படியும் ஒன்று உறுதி. உறுதி என்ற சொல் ஆறுதலாக இருக்கிறது, கண்ணியும் அதிலேதான். 70 குலுக்கல் முடிந்த கையோடு யாராவது எழுந்து போவார்களா? செலவழித்ததே மேலும் செலவழிக்கக் காரணமாகிவிடுகிறது. எப்போது விழும் என்று தெரியாத பரிசுக்காக எலியும் புறாவும் ஓயாமல் விசையை அழுத்துவதை உளவியலாளர் ஸ்கின்னர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். காசு கொடுத்து வாங்கும் இத்தகைய குலுக்கல் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று 2018-ல் பெல்ஜியம் முடிவெடுத்தது.

(எதற்கெடுத்தாலும் 'டோபமைன்' என்ற மூளை வேதிப்பொருளைச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. நல்ல புத்தகம், நல்ல சாப்பாடு, குலுக்கல் எல்லாவற்றிலும் அது உண்டு. அதை வைத்து எதையும் பிரித்தறிய முடியாது.)

பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. ஆடி முடித்தவரிடம் 'இன்னைக்கு என்ன நடந்துச்சு?' என்று கேளுங்கள். பிடித்த கேம் என்றால் கதை வரும்: பாலம் உடைந்தது, இவன் தண்ணீரில் விழுந்தான், கடைசி ஆளாக நான் மட்டும் நின்றேன். பிடித்துக்கொண்ட கேம் என்றால் கணக்கு வரும்: 43-வது நாள், இன்னும் 12 குலுக்கல், இரவு பன்னிரண்டுக்குள் இரண்டு வேலை பாக்கி. கதை குறைந்து கணக்கு மட்டும் மிஞ்சும்போது கவனிக்கத் தொடங்குங்கள்.

நிறுத்தச் சொல்வதிலும் பெரும்பாலானோர் ஒரே தவறைச் செய்கிறார்கள்: கடிகாரத்தைக் காட்டுவது. ஒவ்வொரு கேமுக்கும் ஓர் அலகு உண்டு. மேட்ச், லெவல், சுற்று, நாள். ஆன்லைன் மேட்சுக்கு இடைநிறுத்தம் கிடையாது. நடுவில் விட்டால் அணியில் இருக்கும் மற்றவர்கள் மாட்டிக்கொள்வார்கள், வெளியேறியவருக்குத் தண்டனையும் விழும். 'அஞ்சு நிமிஷத்துல மூடு' என்பது அங்கே நடக்காத காரியம். 'இந்த மேட்சோட சரியா?' என்பது நடக்கும். ஒரு மேட்ச் எத்தனை நிமிடம் என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, கடைசி மேட்ச் தொடங்கும் நேரத்தைத்தான் பேசி முடிக்க வேண்டும். ஸ்டார்டியூ மாதிரி கேமில் சேவ் ஆன கையோடு, வீட்டுக் கதவைத் திறந்து வயலைப் பார்ப்பதற்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். வயலைப் பார்த்துவிட்டால் 14 நிமிடம் போச்சு.

தினவருகைத் தொடருக்கு மருந்து, நாமாக ஒரு நாளை வேண்டுமென்றே அறுப்பது. 43-ஐ விட 0 நிம்மதியானது என்று பலருக்கு மறுநாளே தெரிந்துவிடும். கேமின் நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள். சேமித்து வைத்த கார்டை நீக்கிவிட்டு, ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்குமாறு மாற்றுங்கள். வைரம், படிகம் என்று காட்டுவதை எப்போதும் பணமாக மாற்றிச் சொல்லிப் பழகுங்கள். ஒரு குலுக்கல் இவ்வளவு ரூபாய் என்று வாய்விட்டுச் சொன்னாலே கை கொஞ்சம் தயங்கும்.

எது நோய்? 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: விளையாட்டின் மேல் கட்டுப்பாடு போய்விடுவது, மற்ற எல்லாவற்றையும் விட அது முன்னால் வந்துவிடுவது, கேடு விளைந்தபின்னும் தொடர்வது. படிப்பு, வேலை, உறவு கணிசமாகக் கெட வேண்டும். பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். இத்தனை மணி நேரம் என்று அதில் எங்கேயும் இல்லை. விடுமுறையில் நாலு நாள் இரவு பகலாக ஆடியவன் நோயாளி ஆகமாட்டான். தினம் ஒன்றரை மணி நேரமே ஆடினாலும், தூக்கம் கெட்டு, பள்ளிக்குப் போக மறுத்து, பணத்தை மறைப்பவரை மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்படி வருபவர்களில் பலருக்கு அடியில் மனச்சோர்வோ பதற்றமோ இருக்கும். கேம் அவர்கள் ஒதுங்கிய இடம். அதை மட்டும் பிடுங்கினால் வேறோர் ஒதுக்கிடம் தேடுவார்கள்.

கடைசியாக ஒன்று, அவசரத்தில் செய்துவிட்டுப் பிறகு பலர் வருந்துவது: கோபத்தில் கேமை அழித்துவிடுவது. மைன்கிராஃப்டில் அழிவது கேம் அல்ல, மூன்று வருடக் கோட்டை. கேமைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், அந்த உலகம் திரும்ப வராமலே போகலாம். பிள்ளை உங்களிடம் எதையும் சொல்வதும் அன்றோடு நின்றுபோகும். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், கம்ப்யூட்டரில் ஆடும் ஜாவா பதிப்பில் 'சேவ்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் ஒவ்வோர் உலகமும் பொதுவாக அதன் பெயரிலேயே தனி ஃபோல்டராக இருக்கும். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, அவன் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு நீக்குங்கள்.