ஒரு முழக் கல்லால் எழுந்த தலைநகரம்

கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பேரரசை ஆண்ட அக்கெனாட்டன், தம் ஆட்சியின் 5ஆம் ஆண்டில், தீப்ஸுக்கும் மெம்ஃபிஸுக்கும் இடையே நைல் நதியின் கிழக்குக் கரையில் வெறுமையாகக் கிடந்த ஒரு மணல்வெளியைப் புதிய தலைநகருக்கெனத் தேர்ந்தெடுத்தார். அந்த நிலம், தாம் வழிபட்ட சூரியக் கடவுளான ஆட்டனைத் தவிர வேறு எந்தத் தெய்வத்துக்கும் உரியதன்று என்று அவர் எல்லைப் பாறைகளில் வெட்டுவித்த கல்வெட்டுகள் கூறுகின்றன. இன்று அமர்னா எனப்படும் அவ்விடத்தில், கோயில்களும் அரண்மனைகளும் பல்லாயிரம் பேருக்கான வீடுகளும் சில ஆண்டுகளுக்குள் எழுந்தது எப்படி?

விடை கல்லின் அளவில் இருக்கிறது. பழைய கோயில்களின் பெருங்கற்களை இழுக்கச் சறுக்குவண்டிகளும் பெருங்கூட்டமும் தேவைப்பட்டன. தலாதாத் எனப்படும் அக்கெனாட்டன் காலத்துக் கல்லோ ஏறத்தாழ 52 செ.மீ. நீளமும் 26 செ.மீ. அகலமும் கொண்டது, அதாவது, நீளம் ஓர் எகிப்திய முழம், அகலம் அரை முழம். திடமான ஓர் ஆள் அதைத் தனியாகவே சுமந்துவிடலாம். இரண்டு கற்களின் அகலம் ஒரு கல்லின் நீளத்துக்குச் சமம் என்பதால், நெடுக்கிலும் குறுக்கிலும் மாற்றி மாற்றி அடுக்கும்போது சுவர் தானாகவே பிணைந்துகொள்ளும். அடித்தளக் குழியில் ஜிப்சம் சாந்தைப் பரப்பி, அதன்மேல் முதல் வரிசையை வைத்தார்கள். கற்கள் பெயர்க்கப்பட்ட பின்னும் அந்தச் சாந்தில் பதிந்திருக்கும் தடங்களைப் பார்த்துத்தான், மறைந்துபோன சுவர்கள் எங்கே நின்றன என்பதை அகழாய்வாளர்கள் கண்டறிகின்றனர். வீடுகளுக்குச் சுடாத செங்கல்லே போதுமானதாக இருந்தது.

கட்டடம் மட்டும் தலைநகரம் ஆகிவிடாது. அரசின் கோப்புகளும் வந்து சேர வேண்டும். 1887இல் இங்கே வெளிப்பட்ட ஆப்பெழுத்துக் களிமண் பலகைகளில், அக்கெனாட்டனின் தந்தை மூன்றாம் அமென்ஹோடெப்புக்கு அயல்நாட்டு மன்னர்கள் எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. நகரம் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட அவை, பழைய ஆவணக் காப்பகத்திலிருந்து சுமந்து வரப்பட்டவையாகவே இருக்க வேண்டும்.

இந்த வேகத்துக்கு விலை கொடுத்தவர்களை நாம் மறக்கக்கூடாது. எளிய மக்களின் இடுகாடுகளில் கிடைத்த எலும்புகளில் ஊட்டச்சத்துக் குறைவின் அடையாளங்களும், பாரம் சுமந்ததால் விளைந்திருக்கக்கூடிய முதுகெலும்புச் சிதைவும் தெரிகின்றன. அவர்களுள் பலர் 25 வயதைக்கூடத் தாண்டாதவர்கள்.

அக்கெனாட்டன் இறந்து சில ஆண்டுகளில், துட்டன்காமன் காலத்தில் அரசவை அங்கிருந்து வெளியேறியது. எளிதில் அடுக்கிய கல்லை எளிதில் பெயர்க்கவும் முடிந்தது. பிற்கால மன்னர் இரண்டாம் ராம்சேஸ் ஆற்றின் எதிர்ப்புறத்தில் உள்ள ஹெர்மோபோலிஸில் எழுப்பிய கட்டடங்களுக்குள், அமர்னாவின் சிற்பங்கள் அழியாதிருந்த தலாதாத் கற்கள் ஆயிரத்துக்கும் மேல் கண்டெடுக்கப்பட்டுள்ளன.