திறப்பு யாரிடம் இருக்கிறது?

தொண்டு நிறுவனங்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனால் முதலில் ஒரு கோப்பைத் தூக்கிக் காட்டுவார்கள். சிறுவர் பாதுகாப்புக் கொள்கை. அட்டை அழகாக இருக்கும், காசு தரும் டோனர் கேட்டதற்காக ஓரிரவில் எழுதியது என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். நான் அதை ஓரமாக வைத்துவிட்டு, மேல்மாடி அறையின் திறப்பு யாரிடம் இருக்கிறது, பிள்ளைகளை வான் வண்டியில் கொண்டுபோய் விடுவது யார், கடைசிப் பிள்ளை இறங்கும்வரை வானில் வேறு பெரியவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பேன். அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

இப்படிக் கேட்க நான் பழகியதற்குக் காரணம் கொழும்பு வடக்கில் நடந்த ஒரு பின்னேர வகுப்பு. (ஆட்களின் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பத்து வயதுப் பையன் ஒருவன் மூன்று கிழமையாக வானில் ஏற மறுத்தான், மழை பெய்தாலும் நடந்தே போவேன் என்று நின்றான். அடம் பிடிக்கிறான் என்று மிஸ்மார் விட்டுவிட்டார்கள். கடைசியில் அவன் சொன்னது குசினியில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்காவிடம். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவனும் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்: "அங்கிள் ஒவ்வொரு நாளும் என்னைத்தான் கடைசியா இறக்குறார்."

அவ்வளவுதான். அந்த அக்கா அதைச் சரியாகப் புரிந்துகொண்டு மேலே சொன்னார்.

நிர்வாகக் குழு கூடியது. வான் ஓட்டியவர் சுனாமிக் காலத்திலிருந்து சம்பளம் வாங்காமல் ஓடித் திரிந்தவர், அவரைப் பற்றி எப்படி இப்படி நினைப்பது என்று ஆளாளுக்குச் சங்கடப்பட்டார்கள். பிறகு பையனையும் அவரையும் ஒரே மேசையில் இருத்தி, "பயப்படாமல் சொல்லு தம்பி" என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றான். வேறென்ன சொல்வான்? நான் இந்த வேலைக்கு அப்போது புதிது, ஓரத்துக் கதிரையில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அடுத்த கிழமை பையன் வரவில்லை. வான் வந்தது.

அந்த அறையில் இருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை. உள்ளுக்குள்ளேயே பேசித் தீர்த்தால் பிள்ளையின் பெயரும் கெடாது, நிறுவனத்தின் பெயரும் கெடாது என்று உண்மையாகவே நம்பினார்கள். ஒக்ஸ்பாம் என்ற பெரிய பிரித்தானிய உதவி நிறுவனமும் ஹெயிட்டியில் பாலியல் முறைகேட்டில் சிக்கிய சிலரை 2011 இல் சத்தமில்லாமல் பதவி விலகிப் போக விட்டது. அவர்களில் ஒருவர் பிறகு இன்னொரு உதவி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 2018 இல் விஷயம் வெளியே வந்ததும் ஆயிரக்கணக்கானோர் மாதாந்த நன்கொடையை நிறுத்தினார்கள். பெயரையும் காப்பாற்ற முடியவில்லை.

பிள்ளை ஒன்று சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணிக் கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. பிள்ளை பாவித்த சொல்லிலேயே, திகதியும் நேரமும் போட்டு, அன்றைக்கே எழுதி வையுங்கள். விசாரணை உங்கள் வேலை இல்லை. சிறுவரின் ஆரம்ப வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் சாட்சியமாக முன்வைக்க 1999 ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு முன்னால் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டால் பிள்ளை குழம்பிப்போகும், அந்தக் குழப்பத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அழகாகப் பயன்படுத்துவார். 1929 க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

பெரியவர்கள் விஷயத்தில் நாம் இன்னும் அசட்டை. முதியோர் உரிமைகளுக்கென்று 2000 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு முதியோர் இல்லத்தில் பார்வை மங்கிய அம்மா ஒருவரின் வங்கி அட்டை பொறுப்பாளரின் லாச்சியில் கிடந்தது, இரகசிய இலக்கம் உறையிலேயே பேனையால் எழுதியிருந்தது. களவு போனது என்று நான் சொல்லவில்லை. போனால் அந்த அம்மாவுக்குத் தெரியவராது என்கிறேன். காசு எடுத்த துண்டை இரண்டு பேர் கையெழுத்திட்டு ஒரு கொப்பியில் ஒட்டி, மாதம் ஒருமுறை அவருக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். "எங்களில் நம்பிக்கை இல்லையா மிஸ்?" என்று பொறுப்பாளர் கோபித்துக்கொண்டார். உங்கள்மேல் யாரும் பழி போடாமலிருக்கவும் இந்தக் கொப்பிதான் உதவும் என்ற பிறகுதான் இறங்கி வந்தார்.

போன மாதம் வேறொரு நிலையத்தில் 1929 ஐப் பெரிதாக அச்சடித்து எங்கே ஒட்டுவது என்று ஒரே வாக்குவாதம். அலுவலகச் சுவரில், தலைவரின் கதிரைக்குப் பின்னால் என்றார்கள். மலசலகூடக் கதவின் உட்பக்கத்தில் என்றேன், பிள்ளை தனியாக நின்று வாசிக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். விருந்தினர் வந்தால் அசிங்கமாக இருக்குமே என்றார் ஒருவர். ஒட்டிவிட்டுத்தான் வந்தேன். கிழித்திருக்கிறார்களா என்று அடுத்த செவ்வாய் போய்ப் பார்க்க வேண்டும்.